அத்தை பாடாத மூன்று நிமிடங்கள்

பிள்ளை பிழைத்துவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் உங்களில் பாதிப் பேர் கதை முடியும்வரை நெஞ்சில் கைவைத்தபடியே உட்கார்ந்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. பிழைத்த பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளையாக வளரப்போகிறாள் என்று தெரியாமல் அவளைப் பெற்றவள் காத்திருந்தாளே, அந்த மூன்று மாதத்தை.

பெற்றவள் பெயர் சியாலே. என் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பன்றிப் பட்டியும் ஒரு பலாமரமும்தான். நம் ஈரப்பலா. அவள் கணவன் லோபெட்டி மீன்பிடிக்கிறவன், வாய் பேசாதவன். அவன் பேச வேண்டியதையும் சேர்த்துப் பேசுவதற்கு அவனுக்கு ஓர் அக்கா உண்டு, கலோலைனே.

கலோலைனேயை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நடந்து வந்தால் நாய்கள் வழிவிடும். தேவாலயத்தில் அவள் குரல் ஒரு பக்கம், மற்ற முப்பது பேர் குரல் மறுபக்கம். எங்கள் வீடுகளில் அப்பாவின் அக்காவுக்கு மேல் ஆள் கிடையாது. பிள்ளைக்குப் பெயர் வைப்பது அவள். கல்யாணமோ சாவோ, நல்ல பாய் முதலில் அவளுக்குத்தான். அவள் ஓர் அறைக்குள் வந்தால் கூடப்பிறந்தவன் எழுந்து வெளியே போய்விட வேண்டும், அது மரியாதை. அத்தையைப் பார்த்து “கொஞ்சம் எழுந்திருங்கள்” என்று சொல்லும் வாய் எங்கள் தீவில் இன்னும் பிறக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்த அன்று மாலையே கலோலைனே ஒரு ஜாடியோடு வந்துவிட்டாள். தன் தோட்டத்து மஞ்சளை இடித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்திருந்தாள். இப்போதெல்லாம் அப்படிப் பூசுகிறவர்கள் குறைவு. அவளுக்கு அவள் அம்மா பூசினாள், அதனால் இவள் பூசினாள். தலையிலிருந்து பாதம்வரை, விரல் இடுக்கிலெல்லாம். பிள்ளை வெயில் பட்ட பூ மாதிரி மின்னினாள்.

“பாரு, அரண்மனைப் பிள்ளை மாதிரி இருக்கா. இவ பேரு லங்கி. வானம்.”

“நல்ல பேரு அண்ணி,” என்றாள் சியாலே.

“நல்ல பேர்தான். நான் வச்சதாச்சே.”

நான்கு நாள், காலையும் மாலையும் பூசினாள். எங்கள் தீவு நர்ஸ் அந்த வாரம் ஆஸ்பத்திரி இருக்கும் பெரிய தீவுக்கு, பாங்காய்க்குப் போயிருந்தாள். பார்க்க வந்தவர்களெல்லாம் நாங்கள் பெண்கள்தான். எல்லாரும் பிள்ளையைக் கையில் வாங்கினோம், மோந்து பார்த்தோம், கொஞ்சினோம். நானும்தான் வாங்கினேன். ஐந்து பெற்ற என் கண்ணும் ஒன்றையும் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பிள்ளை மார்பைப் பிடிக்கவில்லை. கையைத் தூக்கிவிட்டால் ஈரத்துணி மாதிரி விழுந்தது. பிறகு முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஓர் அழுகை அழுதாள், பிள்ளை அழுகை அல்ல அது, கடற்பறவையின் கீச்சு. சியாலே ஈரத்துணி எடுத்து நெற்றியைத் துடைத்தாள். துணியில் மஞ்சள் வந்தது. துடைத்த இடத்திலும் மஞ்சள் இருந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தாள். துணியில் மஞ்சள் வருவது நின்றுவிட்டது. நெற்றியில் மஞ்சள் அப்படியே இருந்தது.

படகில் பாங்காய்க்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கண்ணைக் கட்டி, மேலேயும் கீழேயும் நீல விளக்கு வைத்தார்கள். ரத்தத்தில் காமாலை ஏறியிருந்த அளவைக் கண்டு டாக்டர் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

“இந்த மஞ்சளை யார் பூசினது?”

கலோலைனே கதவோரம் நின்றிருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் சியாலே சொல்லிவிட்டாள்.

“நான்தான் டாக்டர்.”

டாக்டர் கோபிக்கவில்லை. பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். கலோலைனே சியாலேயின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு முழுக்க அவள் ஒரு சொல் பேசவில்லை. எங்களுக்கு அது காமாலையைவிடப் பயமாக இருந்தது.

நான்கு நாள் விளக்கில் கிடந்தாள் லங்கி. அளவு இறங்கியது. பால் குடித்தாள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் தன் நாற்காலியை சியாலேயின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“காமாலை இறங்கிடுச்சும்மா. ஆனா ரொம்ப ஏறியிருந்துச்சு. அவ்வளவு ஏறினா சில பிள்ளைங்களுக்கு மூளைக்குள்ள போயிடும். கை காலு முறுக்கிக்கலாம். காது கேக்காம போகலாம். ஒண்ணுமே ஆகாமலும் இருக்கலாம்.”

“இவளுக்கு?”

“இன்னைக்கு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.”

“எப்போ சொல்ல முடியும்?”

“மூணு மாசத்துல பாதி தெரியும். ஃபூசின்னு ஒரு நர்ஸ் வருவா. அவ பார்ப்பா.”

அந்த மூன்று மாதம் சியாலே எப்படி இருந்தாள் என்று கேட்டால் என்ன சொல்வேன்! அவள் பிள்ளையைக் கொஞ்சவில்லை, வாசித்தாள். இடது கை ஏன் மெல்ல நீள்கிறது, வலது கால் ஏன் விறைக்கிறது, கொட்டாவி ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது. கிணற்றடியில் மற்றவர்கள் பிள்ளையைக் கண்டால் தூக்கிக் கையை மடக்கிப் பார்த்துவிட்டுக் கொடுப்பாள். தட்டை நழுவவிடுவாள், பிள்ளை திடுக்கிடுகிறாளா என்று பார்ப்பாள். திடுக்கிட்டால், சத்தத்துக்கா, பாய் அதிர்ந்ததற்கா என்று என்னிடம் ஓடிவந்து கேட்பாள். எனக்கு என்ன தெரியும்?

பதின்மூன்றாம் வாரம் ஃபூசி வந்தாள். தலைநகரத்துப் பெண். ஆக்லாந்தில் ஆறு மாதம் இருந்து இதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். வெள்ளைச் சீருடை, அதன்மேல் இடுப்பில் மரியாதைக்குச் சுற்றிய பாய், கையில் ஒரு போன், அதை நிறுத்திவைக்க மூன்று கால் கம்பி. எங்களுக்கு ஏமாற்றமாகிவிட்டது. பெரிய மெஷின் வரும் என்று நினைத்திருந்தோம்.

பலாமரத்தடியில், துணி செய்ய மரப்பட்டையைக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். அவர்களில் பீசிலாவுக்குத்தான் நாக்கு நீளம், ஒன்பது பெற்றவள்.

“இவ்வளவுதானா? போட்டோவா? போட்டோன்னா எங்கிட்டயே இருக்கு, பிள்ளை பல்லு இல்லாம சிரிக்கறது.”

“சிரிக்கறது வேணாம்,” என்றாள் ஃபூசி. “யாரும் கொஞ்சக் கூடாது, தொடக் கூடாது, பேசக் கூடாது. பிள்ளை மல்லாக்கப் படுத்து முழிச்சுக்கிட்டு இருக்கணும், சும்மா. மூணு நிமிஷம்.”

“சும்மாவா? பிள்ளையைத் தனியா விட்டுட்டா?” பீசிலா நெஞ்சில் கைவைத்தாள். “எங்க ஊர்ல பன்னிக்குட்டியைக் கூட அப்படி விடமாட்டோம்டி.”

“மூணு நிமிஷத்துல என்ன தெரியும்?” என்று சியாலே கேட்டாள். அவள் குரலைக் கேட்டு எல்லாரும் அடங்கினார்கள்.

ஃபூசி பாயில் உட்கார்ந்தாள். தன் மணிக்கட்டை நீட்டி மிக மெல்லச் சுழற்றிக் காட்டினாள்.

“மூணு மாசத்துல நல்லா இருக்கற பிள்ளைங்க எல்லாம் ஒண்ணு செய்யும். கையை வீசறது, காலை உதைக்கறது, அதைச் சொல்லலை. அதுக்கு அடியில இன்னொண்ணு. பொடிப்பொடியா அசைஞ்சுக்கிட்டே இருக்கும். கழுத்து, தோளு, மணிக்கட்டு, இடுப்பு, கணுக்காலு. எல்லாப் பக்கமும், நிக்காம. ஒரு ஆட்டம் மாதிரி. யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. கறுப்புப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை, எல்லாம் அதே வயசுல அதே ஆட்டம். கொஞ்ச வாரம் இருக்கும். அப்புறம் பிள்ளை கைநீட்டிப் பொருளைப் பிடிக்க ஆரம்பிச்சதும் மறைஞ்சு போயிடும்.”

“வரலைன்னா?”

“மூளையிலேருந்து வர்ற வழியில அடிபட்டிருக்கலாம். நூத்துக்கு நூறு இல்ல. ஆனா பெரும்பாலும்.”

பீசிலா தன் தடித்த மணிக்கட்டைத் தானே சுழற்றிப் பார்த்துக்கொண்டாள்.

“அப்போ என் பிள்ளைங்க ஒன்பதும் இதை ஆடிச்சா?”

“ஆடியிருக்கும் அக்கா.”

“என் வீட்டுல ஒன்பது தடவை நடந்திருக்கு. ஒரு தடவைகூட நான் பார்க்கலையே!”

“ஏன்னா நாம பிள்ளையைச் சும்மாவே விடறதில்ல. பிள்ளையோட மனசு ஒரு முகத்துலயோ சத்தத்துலயோ போய் ஒட்டிக்கிச்சுன்னா ஆட்டம் நின்னுடும்.”

ஃபூசி உள்ளே போய் ஜன்னலோரம் பாயை விரித்து, கம்பியை நிறுத்தி, போனைப் பொருத்தினாள். சியாலேயின் வீடு ஒரே அறை. நடுவே ஒரு பெரிய மரப்பட்டைத் துணியைத் தொங்கவிட்டு இரண்டாக்கியிருந்தார்கள். சியாலே பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் படுக்கவைத்தாள்.

“உள்ள வேற யாரும் இல்லையே?” என்று கேட்டாள் ஃபூசி.

சியாலே அந்தத் துணியைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் கலோலைனே படுத்திருந்தாள். காலையிலேயே வந்துவிட்டாள். அவள் வந்ததால்தான் லோபெட்டி எழுந்துபோய்க் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தான். இப்போது “இருக்கிறார்கள்” என்று சொன்னால் ஃபூசி என்ன செய்வாள்? வெளியே போகச் சொல்வாள். ஃபூசி சொன்னாலும் சியாலே சொன்னதாகத்தான் ஆகும். தூங்குகிறவளால் என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது?

“யாரும் இல்ல,” என்றாள் சியாலே.

வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தோம். பட்டை அடிக்கிற சத்தம் மீண்டும் தொடங்கியது, டொக் டொக் டொக். மூன்று நிமிடம் கழித்து ஃபூசி போனை எடுத்துவந்தாள். அதைப் பார்த்த அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்படித் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் படித்திருக்கிறாள்.

“இதை ஆக்லாந்துக்கு அனுப்புவேன். அங்க ஒரு அம்மா இருக்காங்க, இருபது வருஷமா இதைத்தான் பார்க்கறாங்க. சத்தத்தை அணைச்சுட்டுத்தான் பார்ப்பாங்க. அழுகையும் சிரிப்பும் காதுல விழுந்தா மனசு சாஞ்சுடுமாம். உடம்பு மட்டும் பேசணுமாம்.”

ஒரு பிரதியை லோபெட்டியின் போனுக்கும் அனுப்பிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் கழித்து அவளே படகேறி வந்து சொன்னாள். போனில் சொல்லியிருக்கலாம். வந்தாள்.

“அந்த ஆட்டம் தெரியலை சியாலே. பிள்ளை தலையை ஒரு பக்கம் திருப்பிக்கிட்டு அப்படியே கிடக்கறா. கடைசிவரைக்கும். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை எடுப்போம். அப்பவும் இல்லைன்னா தலைநகரத்துக்குப் போய்ப் பயிற்சி ஆரம்பிச்சுடலாம். சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லது. அதுக்குத்தான் இவ்வளவு முன்னாடியே பார்க்கறோம். தண்டனை சொல்றதுக்கு இல்ல.”

சியாலே அழவில்லை. தலையை ஆட்டினாள். லோபெட்டி வாசலில் நின்று கேட்டுவிட்டு நேரே படகுக்குப் போனான். இருட்டுவதற்கு முன் திரும்பினான், ஒரு மீன்கூட இல்லாமல்.

அதன்பிறகு சியாலே அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்த அம்மா பார்க்கிற மாதிரியே சத்தத்தை அணைத்துவிட்டு. அங்கேயாவது ஓர் அசைவு, இங்கேயாவது ஓர் அசைவு தெரியாதா என்று தேடினாள். பிள்ளையின் கண் ஒரே இடத்தில் நிலைத்திருந்தது. கை பாதி வழியில் நின்றுவிட்ட மாதிரி காற்றில் நின்றது.

ஒரு நாள் நண்பகலில் நான் அவள் வீட்டில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். அவள் விரல் பட்டோ என்னவோ சத்தம் வந்துவிட்டது. டொக் டொக் என்று பட்டை அடிக்கிற ஓசை. அணைக்கப் போனவள் அணைக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டாள். பிறகு என் காதில் வைத்தாள்.

டொக் டொக்குக்கு அடியில் ஒரு குரல். மெல்ல, தொண்டைக்குள்ளேயே. பிள்ளையைத் தூங்கவைக்கிற ஒரு பழைய பாட்டு. கடைசிவரைக்கும்.

தீவில் யார் காதில் வைத்தாலும் அது யார் குரல் என்று சொல்லிவிடுவார்கள்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே வாசலில் நிழல் விழுந்தது. கலோலைனே, கையில் ஒரு கட்டுக் கீரையோடு. சியாலே போனை மடியில் கவிழ்த்தாள். பாட்டு மடிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

“அது என் குரலு,” என்றாள் கலோலைனே.

கீரைக்கட்டும் கையுமாக வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

“அன்னைக்கு எடுத்ததா?”

“ஆமா அண்ணி.”

“நான் தூங்கலை. பிள்ளை தனியாக் கெடக்கறாளேன்னு...” கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். “பேசக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. பேசலையே, பாடத்தானே செஞ்சேன்னு நினைச்சுக்கிட்டேன். என்னை யாரு கேப்பா?”

“ஒண்ணும் ஆகலை அண்ணி.”

“ஆகலைன்னு சொல்லாதே!” அந்தக் குரலுக்குப் பன்றிகள் ஓடின. “நான் பாடினதாலதான் பிள்ளை ஆடலையா?”

“தெரியாது அண்ணி.”

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில மஞ்சள் நீ பூசினதாச் சொன்னே. இன்னைக்கு இதையும் மடியில கவுத்து வச்சிருக்கே. எனக்காக எத்தனை தடவை பொய் சொல்லுவே நீ?”

சியாலே தலை குனிந்திருந்தாள். மடியைப் பார்த்தபடியே, “நீங்க அத்தையாச்சே,” என்றாள்.

கலோலைனே அங்கேயே, அழுக்குத் தரையில், கிழங்குத் தோலுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பாங்காய் படகு எத்தனை மணிக்கு?”

அவளோடு நான்தான் போனேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆட்கள் நிறைய இருந்தார்கள், எல்லாரும் அவளைத் தெரிந்தவர்கள். ஃபூசி வந்ததும் கலோலைனே அத்தனை பேர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள், தலை அந்தச் சின்னப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே வரும்படி. ஃபூசி பதறிப்போனாள்.

“ஐயோ அம்மா, எழுந்திரிங்க! நீங்க கீழ உட்காரலாமா?”

“சொல்லி முடிச்சுட்டு எழுந்திரிக்கறேன். படம் எடுத்தப்போ நான் உள்ளதான் இருந்தேன். பாடிக்கிட்டு இருந்தேன். மஞ்சள் பூசினதும் நான்தான். அவ இல்ல. டாக்டர் சீட்டுல அவ பேரு இருந்தா அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க.”

ஃபூசியும் அவளருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெல்லச் சொன்னாள்.

“பாட்டைக் கேட்டு ஆட்டம் நின்னுச்சா, இல்ல அங்க நிக்கறதுக்கே ஒண்ணும் இல்லையா, எனக்குத் தெரியாதும்மா. ஆசை காட்ட மாட்டேன். ஆனா நாளைக்கே வரேன்.”

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். காற்று இல்லை. பிள்ளை குளித்து, பால் குடித்து, முழித்துக்கொண்டு, நல்ல மனதோடு இருந்தாள். ஃபூசி அந்த மரப்பட்டைத் துணியைத் தன் கையால் விலக்கி, பின்னால் பார்த்தாள். ஒருவரும் இல்லை. கலோலைனே தன்னைத்தானே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாள். நாற்பது அடி தள்ளி, பலாமரத்தின் அந்தப் பக்கம், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேல்துணியின் முனையைப் பந்தாகச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்காவோட வாயில துணியா!” என்றாள் பீசிலா. “இதையும் படம் எடுங்கடி யாராவது.” சொல்லிவிட்டு, அவளே முதலில் தன் கட்டையைக் கீழே வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். எல்லாரும் வைத்தார்கள். பட்டை அடிக்கிற ஓசை நின்ற பிறகுதான் அது எப்போதும் எங்கள் காதில் இருந்துகொண்டே இருக்கிறது என்று தெரிந்தது.

அக்கா வெளியே இருந்தாள், அதனால் தம்பி உள்ளே வரலாம். லோபெட்டி வாசலில் தயங்கி நின்றான். ஃபூசி அவனைப் பார்த்தாள்.

“தலைமாட்டுல வந்து உக்காருங்க, பிள்ளை கண்ணுல படாம. மூச்சு சத்தம்கூட வரக் கூடாது.”

பிள்ளையின் தலைக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேர், லோபெட்டி, சியாலே, நான். ஃபூசி போனைத் தொட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிள்ளை கூரையைப் பார்த்தாள். ஒரு காலை உதைத்தாள், அது எல்லாப் பிள்ளையும் உதைப்பதுதான். சியாலேயின் நகம் என் முழங்கையில் இறங்கியது. நான் அசையவில்லை.

பிறகு அது வந்தது.

எப்படிச் சொல்வேன் உங்களுக்கு? கடல் வற்றி நிற்கும்போது பவளப்பாறையின்மேல் ஒரு சாண் தண்ணீர் கிடக்குமே, அலை இல்லை, ஓட்டம் இல்லை, ஆனாலும் வெளிச்சம் அதில் ஓரிடத்தில் நிற்காதே. அப்படி. கணுக்கால் ஒரு சின்ன வட்டம் போட்டது. அது முடியுமுன் இடது மணிக்கட்டு திரும்பியது. மணிக்கட்டிலிருந்து அது எங்கோ போய்க் கழுத்தில் வந்தது. கழுத்திலிருந்து இடுப்புக்கு. விரல்கள் ஒவ்வொன்றாக. ஒன்றும் பெரிதில்லை, ஒன்றும் வேகமில்லை, ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. தோலுக்குள்ளே யாரோ ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கேற்றிப் பார்க்கிற மாதிரி இருந்தது, இது சரியாக இருக்கிறதா, இது இருக்கிறதா, இது.

ஐந்து பெற்றேன் நான். ஐந்தும் என் மடியில்தான் கிடந்தன. அப்போதெல்லாம் இது என் கைக்குள்ளேயே நடந்திருக்கிறது, நான் பாட்டுப் பாடி, கன்னத்தைக் கிள்ளி, கிலுகிலுப்பை ஆட்டி, அதை நிறுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். எத்தனை ஆயிரம் ஆண்டாக எத்தனை ஆயிரம் பிள்ளைகள் யாரும் பார்க்காமல் இதை ஆடியிருக்கும்! எந்த மனுஷன் இதை முதலில் கண்டுபிடித்தானோ, அவன் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தானோ.

லோபெட்டியின் தாடையிலிருந்து நீர் சொட்டிப் பாயில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குக்கூட நாங்கள் பயந்தோம்.

மூன்று நிமிடம் ஆனதும் ஃபூசி நிமிர்ந்தாள். அவள் உதடு நடுங்கியது. இவ்வளவு படித்தும் அன்றைக்கு அவளால் முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

“நான் சொல்லக் கூடாது,” என்றாள் கிசுகிசுப்பாக. “ஆக்லாந்து அம்மாதான் சொல்லணும். ஆனா சியாலே, இதுதான். நான் சொன்னேனே, இதேதான்.”

சியாலே பாயில் கவிழ்ந்து நெற்றியைத் தரையில் வைத்தாள். எழுந்தபோது முதல் கேள்வி கேட்டாள். தாய்க்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

“காது?”

“காது இதுல தெரியாது. காமாலை காதையும் தொடும்னு டாக்டர் சொன்னாரு இல்ல. அதுக்குத் தனி மெஷின், தலைநகரத்துல. அடுத்த மாசம் சீட்டு எழுதித் தரேன்.”

சியாலே பிள்ளையைப் பார்த்தாள். ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தாள். தூரத்தில், மரத்துக்கு அந்தப் பக்கம், அந்தப் பெரிய முதுகு இன்னும் அப்படியே இருந்தது. மூன்று நிமிடம் முடிந்தது அவளுக்குத் தெரியாது. முடிந்தது என்று போய்ச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சியாலே எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். எங்கள் தீவில் தம்பி பெண்டாட்டி யாரும் செய்யாததைச் செய்தாள். அத்தைக்கு உத்தரவு போட்டாள்.

“அண்ணி! அங்கேருந்தே பாடுங்க! அன்னைக்குப் பாடினதையே!”

முதுகு திரும்பியது. துணியை வாயிலிருந்து எடுத்தாள். சியாலே சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள், பிள்ளை அவளைப் பார்த்துவிடக் கூடாதென்று.

முதலில் குரல் வரவில்லை. இருமினாள். பிறகு வந்தது, மெல்ல, உடைந்து, தேவாலயத்தில் நாங்கள் கேட்கிற குரல் இல்லை. நாற்பது அடி தாண்டி, ஜன்னல் வழியாக, பன்றிகளையும் கோழிகளையும் தாண்டி வந்தது.

கணுக்கால் பாதி வட்டத்தில் நின்றது.

மணிக்கட்டு நின்றது. விரல்கள் விரிந்தபடி நின்றன. கழுத்து மட்டும் மெல்லத் திரும்பி, கண் இரண்டும் ஜன்னல் பக்கம் போய் அங்கேயே தங்கின. இதே கிடப்பைத்தான் அந்தப் படத்தில் சியாலே நாட்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் செத்துக்கொண்டிருந்தாள். அதே கண், அதே காற்றில் நின்ற கை.

ஃபூசி இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “காது கேக்குதுன்னு மெஷின்ல பார்த்துட்டுத்தான் எழுதுவேன்,” என்றாள் விரல் இடுக்கு வழியாக. “பார்த்துட்டுத்தான் எழுதுவேன்.” யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை.

பாட்டு நின்றது. வெளியிலிருந்து கலோலைனே கத்தினாள், பயத்தில் அவள் பழைய குரல் திரும்பியிருந்தது.

“என்னாச்சு? நான் பாடினதும் மறுபடி நின்னுட்டாளா? அசையறாளா இல்லையா, யாராவது சொல்லுங்கடி!”

ஐந்தாம் நாள் காலையிலிருந்து அழாமல் வைத்திருந்த அழுகையும், அதற்கு மேல் ஒரு சிரிப்புமாக, சியாலே ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

“இல்ல அண்ணி! அசையலை! அசையவே இல்ல! நிறுத்தாதீங்க, பாடுங்க!”